ஆலயக் குளத்து மீன்கள்: ஒரு விளக்கம், ஒரு மன்னிப்பு

 

ஆலயத்தின் பின்பக்கம் இருக்கிற மீன் குளத்தில் "எதுவும் போடாதீர்கள்" என்று ஏன் போர்டு வைத்திருக்கிறோம் என்று நிறைய பேர் கேட்கிறீர்கள். சிலருக்கு எங்கள் மேல் வருத்தமும் உண்டு. பிள்ளைகள் ஆசையாக ரொட்டி கொண்டு வந்தால் தொண்டர்கள் தடுக்கிறார்களே என்கிறீர்கள். நியாயம்தான். அதற்குக் காரணமான கதையைச் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

2024 ஜனவரி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுகிற வேலைக்காக 10ஆம் தேதியிலிருந்து 14 வரை தண்ணீர் தடை. 15ஆம் தேதி பொங்கல், 25ஆம் தேதி தைப்பூசம். நடுவில் தண்ணீர் இல்லை என்றால் ஆலயத்தில் என்ன பாடு படுவோம் என்று உங்களுக்கே தெரியும். டிரம்மில் பிடித்து வைத்ததை சமையலுக்கும் அபிஷேகத்துக்கும் வைத்துக்கொண்டோம். கழிவறைக்கும் தரை கழுவவும் குளத்துத் தண்ணீரை வாளி வாளியாக மொண்டோம். நாலு நாளில் குளம் பாதியானது. மீன் மட்டும் அதே 23.

ஞாயிறு ராத்திரி பைப்பில் தண்ணீர் நன்றாக வந்தது. காலையில் பொங்கல், கூட்டம் வரும், குளம் பாதியாக இருந்தால் அசிங்கமாக இருக்குமே என்று ஹோஸை நேராகப் போட்டு விட்டோம். ஒரே ராத்திரியில் நிரம்பிவிட்டது.

திங்கள் விடிகாலை அடுப்பு மூட்ட வந்தபோது மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. "பாரு, அதுங்களுக்கும் பொங்கல் வேணுமாம்" என்று சிரித்தோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு சுடுகிறது. பிள்ளைகளும் ஆளுக்கொரு கை பொங்கல் சோறு போட்டார்கள். நாங்கள் தடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் மூன்று மீன் மிதந்தது.

தைப்பூசத்துக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. ஆலயத்தில் உயிர் போவது நல்லதில்லை, பரிகாரம் செய்யணும் என்றார் ஒருவர். குருக்களிடம் கேட்டோம். "பூஜை பண்ணலாம், முதல்ல தண்ணியைப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாங்கள் தண்ணீரைப் பார்க்கவில்லை, ஆளைத் தேடினோம். வெள்ளிக்கிழமை தோறும் பொரி கொண்டு வந்து போடும் ஒரு பாட்டி உண்டு. 12ஆம் தேதியும் வந்து போட்டார். "உங்க பொரிதான் பாட்டி, மீனெல்லாம் செத்துப்போச்சு" என்று நாலு பேர் எதிரிலேயே சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு கடையில் நீல மருந்து, மஞ்சள் மருந்து என்று கிடைத்ததை எல்லாம் வாங்கி ஊற்றினோம். இன்னும் இரண்டு செத்தது. புதன்கிழமை ஒரு பாட்டிலில் குளத்துத் தண்ணீரை எடுத்துக்கொண்டு, ஆயர் ஈத்தாமில் மீன் கடை வைத்திருக்கும் சீன அங்கிளிடம் போனோம். அவர் மருந்துப் பெயரே கேட்கவில்லை. எத்தனை மீன், எத்தனை லிட்டர், கடைசியா என்ன மாத்தினீங்க, இந்த மூன்றுதான் கேட்டார்.

ஃபேக்டரியில் பொருள் ரிஜெக்ட் ஆனால் முதலில் ஆளைத் திட்டாதே, என்ன மாறியது என்று பார் என்று பிள்ளைகளுக்கு நாங்களே சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் புத்தி ஆலயத்தில் வேலை செய்யவில்லை.

அங்கிள் சொன்னதை எங்களுக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறோம். பைப் தண்ணீரில் கிருமியைக் கொல்ல குளோரின் இருக்கிறது. நமக்கு அது நல்லது. மீனுக்கு அது செவுளைச் சுடும். அதோடு, மீனின் கழிவிலிருந்தும் மிச்சம் கிடக்கும் தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற விஷம் வருகிறது. ஃபில்டரில் வளரும் நல்ல கிருமிகள் அதை முதலில் நைட்ரைட், அப்புறம் நைட்ரேட் என்று மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான், நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை. நாங்கள் ஹோஸைப் போட்டபோது மீனின் செவுளும் வெந்தது, அந்த நல்ல கிருமிகளும் செத்தது. மிச்சம் இருந்ததை மருந்து கெடுத்தது. பாட்டிலில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார், கரும்பச்சை ஆனது. அம்மோனியா இல்லை என்றால் மஞ்சளாக இருக்குமாம். நம் ஊர் சூட்டில் அம்மோனியாவின் விஷமும் கூடும், தண்ணீரில் காற்றும் குறையும்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்தது பசியால் இல்லை, மூச்சுக்கு.

அன்றே மருந்தை நிறுத்தினோம். பத்து நாள் தீனி கிடையாது. ஏர் பம்ப் இரண்டு சேர்த்தோம். தினமும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினோம். அந்தத் தண்ணீரை முதல் நாளே டிரம்மில் பிடித்து, ஆன்டி குளோரின் போட்டு, காற்று விட்டு வைத்தோம். ரொம்ப முடியாத ஐந்து மீனை எங்கள் வீட்டுப் பின்பக்கம் இரண்டு நீல டிரம்மில் வைத்தோம். 200 லிட்டருக்கு 600 கிராம் கல் உப்பு, அதையும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. உப்பு அம்மோனியாவை எடுக்காது. ஆனால் நைட்ரைட் ரத்தத்தில் ஏறுவதைக் குறைக்கும், புண்பட்ட மீனுக்கும் கொஞ்சம் தெம்பு.

24ஆம் தேதி ரத ஊர்வலம். பல வருஷத்தில் முதல் தடவையாக எங்களில் ஒருவர் ரதம் பார்க்கப் போகவில்லை. டிரம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தில் நாலு போய்விட்டது. ஒன்று பிழைத்தது. முதுகில் ஆரஞ்சுப் பொட்டு இருக்கிறதே, அதுதான். மொத்தம் ஒன்பது போய், 14 மிச்சம்.

தைப்பூசம் முடிந்த ஞாயிறு, பழம் வாங்கிக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனோம். "தப்பு எங்க மேலதான் பாட்டி, பைப்பைப் போட்டது நாங்கதான்" என்றோம். கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தார். "வாயைத் தொறந்தா பசின்னுதான் நானும் நினைச்சேன்யா. நீங்களும் அப்படித்தானே நினைச்சீங்க" என்றார். அப்புறம் கோப்பி கலக்கிக் கொடுத்தார். எங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

பொரியில் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டோம். மயிலாப்பூர் கபாலீசுவரர் தெப்பக்குளத்தில் பொரி போடுகிறார்கள், இங்கே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அது கடல் மாதிரி குளம். நம்முடையது பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம், இரண்டு அடி ஆழம், சுமார் 4,000 லிட்டர்தான். ஒரு பாக்கெட் ரொட்டி ஊறி அழுகினாலும் மீன் தாங்காது. பாலும் பூவும் அப்படியே. அழுகும்போது தண்ணீரில் உள்ள காற்றைத் தின்றுவிடும்.

ஆகவே அன்பர்களுக்கு வேண்டுகோள்:

வெள்ளி, ஞாயிறு காலையில் கவுண்டரில் மீன் தீனி சின்ன பாக்கெட் இருக்கும். பிள்ளைகள் அதைப் போடட்டும். ஐந்து நிமிஷத்தில் மீன் தின்று முடிக்கிற அளவுதான்.

விபூதி, குங்குமம், பால், பிரசாதம் எதையும் குளத்தில் சேர்க்க வேண்டாம்.

வீட்டில் வளர்த்த மீனைக் கொண்டுவந்து விட வேண்டாம். இருக்கிற 14க்கே இடம் சரி.

மீன் மேலே வந்து வாயைத் திறந்தாலோ, சுவரில் உடம்பை உரசினாலோ, உடனே ஒரு தொண்டரிடம் சொல்லுங்கள்.

குளத்துப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. தண்ணீர் மாற்றின நாள், சொட்டு மருந்தின் நிறம், மீன் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். வெள்ளிக்கிழமை மீன் எண்ணுவது பாட்டியின் பொறுப்பு. போன வாரமும் 14 என்று எழுதியிருக்கிறார்.

தெரியாமல் செய்தது என்றாலும் ஒன்பது உயிர். தண்ணீர்மலை முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அன்று பாட்டியைச் சொன்னது உங்கள் எதிரில் என்பதால், இந்த மன்னிப்பையும் உங்கள் எதிரிலேயே கேட்கிறோம்.

முருகா சரணம்.