நான் பார்க்காத பதிப்பு

என் எம்.ஃபில். ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள் இருக்கின்றன. அவற்றில் பாதியை நான் தொட்டதுகூட இல்லை. இதை நெறியாளரிடம் சொல்லவில்லை. பட்டம் வாங்கிய பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் பட்டியலைப் புரட்டிவிட்டு, உழைப்பு தெரிகிறது என்று எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். கைகூப்பி ஏற்றுக்கொண்டேன்.

குறுந்தொகையில் தோழி கூற்று பற்றியது என் ஆய்வு. அதற்கு நான் உண்மையில் பயன்படுத்திய மூலநூல் ஒன்றே ஒன்று. விடுதி நண்பனிடம் இரவல் வாங்கிய கழக வெளியீடு. பொ.வே. சோமசுந்தரனார் உரை. முதல் சில தாள்கள் கிழிந்துபோயிருந்ததால் எந்த ஆண்டுப் பதிப்பு என்றுகூட எனக்குத் தெரியாது. அதை அப்படியே எழுதியிருக்கலாம். எழுத வெட்கமாக இருந்தது. உடன் படித்தவர்களின் பட்டியல்கள் பக்கம் பக்கமாக நீண்டன. என்னுடையது ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாது. பட்டியலின் நீளத்தை வைத்துத்தான் துறையில் ஆளை எடைபோட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. நேர்மையாகச் சிறிய பட்டியல் கொடுத்தவர்களும் என் வகுப்பில் இருந்தார்கள்.

துறை நூலகத்தில் இருந்த ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்தேன். மறுநாள் காலை பைண்டிங்குக்குக் கொடுத்தாக வேண்டும். இரவு டி.டி.பி. சென்டரில் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் பார்த்து நான் வாசித்தேன். தட்டச்சு செய்பவர் அடித்துக்கொண்டே வந்தார். மூலநூல்கள் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்று உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த குறுந்தொகை, 1937. அதற்குக் கீழே சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பித்த குறுந்தொகை, 1915. மேல் வரியின் பெயரை வாசித்தேன். நூலின் பெயரை வாசித்தேன். என் கண் ஒரு வரி இறங்கிவிட்டது. ஆண்டை வாசித்தேன். பிறகு அடுத்த நூலுக்குப் போய்விட்டேன்.

அப்படித்தான் 'சாமிநாதையர், உ.வே. (ப.ஆ.), குறுந்தொகை, 1915' என்று, உலகத்தில் இல்லாத ஒரு பதிப்பு என் ஆய்வேட்டில் ஏறியது.

"மெய்ப்பு பாத்துடுறீங்களா சார்?" என்று கேட்டார் தட்டச்சு செய்தவர். வேண்டாம், அச்செடுங்கள் என்றேன். இரண்டு நூல்களில் ஒன்றையாவது கையில் எடுத்துப் பார்த்திருந்தால் காதே அந்தப் பிழையைப் பிடித்திருக்கும். நான் பார்த்தவனில்லை.

அந்த ஒரு வரியில் நான் அழித்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். குறுந்தொகைக்குப் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் எழுதிய பழைய உரை கிடைக்காமலே போய்விட்டது. பழைய உரையின் துணை இல்லாமல், அந்தப் பாடல்களுக்குத் தாமே புத்துரை எழுதி, முதன்முதலில் நூலாக அச்சேற்றியவர் திருமாளிகைச் சௌரிப்பெருமாள் அரங்கன். உ.வே.சா. பதிப்பு வந்தது 22 ஆண்டுகளுக்குப் பிறகுதான். உ.வே.சா.வின் பெயர் யாருடைய தயவும் இல்லாமல் நிற்கும். அரங்கனுடைய பெயரை இதுபோன்ற பட்டியல்கள்தான் காப்பாற்றி வந்தன. என் பட்டியலில் அவர் இல்லை. அவருடைய ஆண்டு மட்டும் இருக்கிறது, இன்னொருவர் பெயருக்கு நேராக.

இதுவரை சொன்னது சோம்பலும் வீம்பும். அடுத்ததுதான் பெரிய குற்றம்.

சில ஆண்டுகள் கழித்து, அதே துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்த ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்தார். சங்க நூல்களின் பதிப்பு வரலாறு அவருடைய தலைப்பு. என்னை நேரில் கண்டதில்லை. என் ஆய்வேட்டைத்தான் கண்டிருந்தார். "அண்ணா, உ.வே.சா. குறுந்தொகைய 1915லயே பதிப்பிச்சிருக்கார்னு போட்டிருக்கீங்க. வேற யாருமே இத சொல்லல. எங்க பாத்தீங்க?" குரலில் அத்தனை மகிழ்ச்சி. புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஜெராக்ஸ் தாளும் வாசித்த வரியும் நினைவுக்கு வந்தன. அது தவறும்மா, நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்போது நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். நிரந்தரப் பணிக்கான நேர்காணல் வரவிருந்தது. இந்தப் பேச்சு துறைக்குள் போனால், அங்கிருந்து யார் காதுக்குப் போகும் என்ற கணக்கு உள்ளே ஓடியது. "சென்னையிலதாம்மா பாத்தேன். எந்த நூலகம்னு இப்ப ஞாபகம் இல்ல" என்றேன்.

பொய். தெரிந்தே சொன்ன பொய். தடுமாற்றம் இல்லாமல் வந்தது.

அவர் அதை நம்பிச் சென்னைக்குப் போனார். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், எழும்பூரில் கன்னிமாரா. உதவித்தொகை இல்லாமல் படித்த பெண். இல்லாத நூலைத் தேடக் கைக்காசைச் செலவழித்தார். கிடைக்கவில்லை என்று மறுபடி அழைத்தார். அது எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. அரிய பிரதி, தொலைந்திருக்கும் என்றேன். அண்ணன் கண்ணால் பார்த்திருக்கிறாரே என்று எடுத்துக்கொண்டார். 1915ஆம் ஆண்டுப் பதிப்பின் பாடங்கள் என்று வேறு நூல்களில் சிதறிக் கிடந்தவற்றைத் திரட்டி, உ.வே.சா. தம்முடைய பழைய பாடங்களைத் தாமே கைவிட்டார் என்று ஓர் இயல் முழுக்க எழுதினார்.

அயல் தேர்வாளரின் அறிக்கை அந்த இயலை அடியோடு தள்ளியது. 1915 பதிப்பின் ஆசிரியர் யார் என்பதுகூட ஆய்வாளருக்குத் தெரியவில்லை என்று அதில் இருந்தது. திருத்தி மீண்டும் அளிக்கச் சொன்னார்கள். பட்டம் தள்ளிப்போயிற்று. அந்த ஆண்டு வந்த உதவிப் பேராசிரியர் பணிக்கு அவரால் விண்ணப்பிக்க முடியவில்லை. அண்ணனும் யாரையோ நம்பி ஏமாந்திருப்பார் என்று துறையில் எனக்காகப் பேசினாராம். அதைக் கேட்ட பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வேலை கிடைத்துவிட்டிருந்தது.

மிகத் தாமதமாகத்தான் அவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு பஸ் டிக்கெட்டோட போயிருக்கும்ண்ணா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்கும் தகுதி எனக்கில்லை, கேட்கவும் இல்லை.

அந்த ஒரு வரியோடு என் பொய் முடியவில்லை. சி.வை. தாமோதரம்பிள்ளையின் 1887 கலித்தொகைப் பதிப்பு என் பட்டியலில் இருக்கிறது, நான் பார்த்ததில்லை. உ.வே.சா.வின் 1894 புறநானூறு இருக்கிறது, பார்த்ததில்லை. சைவ சித்தாந்த மகா சமாஜம் 1940இல் வெளியிட்ட, வையாபுரிப்பிள்ளையின் சங்க இலக்கியப் பதிப்பு இருக்கிறது. அதைப் பூட்டிய கண்ணாடி அலமாரிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆய்வு நூல்கள் பகுதியிலும் நான் படிக்காதவைதான் அதிகம். ஒவ்வொன்றையும் குறித்து, அரங்கன் பெயரையும் எழுதி, ஆய்வேட்டோடு சேர்த்து வைக்கும்படி துறைத்தலைவருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. அந்த எம்.ஃபில்.லுக்காகக் கொடுத்த ஊக்க ஊதியம் இன்றும் என் சம்பளத்தில் சேர்ந்து வருகிறது.