ஐந்து வயரும் உப்புக் காற்றும்

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போகும் வீதியில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு சின்னக் கடை. வாசலில் பழைய பெட்டி ரீவி ஒன்று, அதற்கு மேல் மூடி கழற்றிய மின்விசிறி மோட்டர்கள். உள்ளே மேசையில் ரீவி கேம் கொன்ட்ரோலர் ஒன்று குப்புறக் கிடக்கிறது. ஸ்குறூவின் தலை துருவேறி மழுங்கிவிட்டதால் கடைக்கார அண்ணை ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருக்கிறார். வயது அறுபதை ஒட்டியிருக்கும்.

"இருங்கோ தம்பி, இது கழண்டாப் பிறகு கதைப்பம்."

இரண்டு கொன்ட்ரோலர்கள் அனலைதீவிலிருந்து காலைப் படகில் வந்திருக்கின்றன. கொண்டுவந்த தகப்பன் வாங்கில் இருக்கிறார். இடம்பெயர்ந்து கொழும்பில் இருந்த காலத்தில் சிறுவனாக அவர் விளையாடியது, இப்போது அவருடைய மகனுக்கு வேண்டுமாம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் இந்தத் துறையிலிருந்து படகு உண்டு. ஒரு பொத்தானுக்காக யாழ்ப்பாணம்வரை போய்வந்தால் அவருக்கு ஒரு பகல் முழுதும் போய்விடும். நயினாதீவு, நெடுந்தீவு ஆட்களுக்கு வழி வேறு: குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து வரவேண்டும்.

நின்டெண்டோ கொம்பனி 1983 ஜூலையில் யப்பானில் விற்பனைக்கு விட்ட ஃபமிகொம் என்ற பெட்டிதான் இதற்கெல்லாம் மூலம். நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அதன் பிரதிகள். பிரதியானாலும் பேச்சு முறை ஒன்றுதான், ஐந்து வயரில் முடிகிற பேச்சு. ஒன்று 5 வோல்ற், ஒன்று எர்த். மூன்றாவது வயரில் பெட்டி ஒரு சைகை கொடுக்கும். அந்தக் கணத்தில் எட்டுப் பொத்தான்களில் எவை அழுத்தப்பட்டிருக்கின்றன என்பதைக் கொன்ட்ரோலருக்குள் இருக்கும் சிப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான்காவது வயரில் வரும் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒவ்வொரு பொத்தானின் நிலையாக ஐந்தாவது வயரில் ஒப்புவிக்கும். நம் நாட்டு ரீவி முறைக்குச் செய்த பெட்டிகளில் இது வினாடிக்கு 50 தடவை நடக்கிறது.

ஆகவே பிழை பிடிக்கும் விதி எளிது. எல்லாப் பொத்தானும் செத்திருந்தால் முதலில் வயரைப் பார்க்க வேண்டும், ஒன்றிரண்டு மட்டும் என்றால் பொத்தானுக்குக் கீழே உள்ள கரியை.

ஸ்குறூ கழன்றுவிட்டது. இது வயர் பிழை. கொன்ட்ரோலருக்குள் நுழையும் இடத்தில், மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருக்கிறது. அண்ணை அந்த இடத்தில் வெட்டித் தோலை உரிக்கிறார். செம்பு கறுத்துப்போயிருக்கிறது. கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது, உருண்டு விழும். இன்னும் கொஞ்சம் பின்தள்ளி வெட்டுகிறார், அங்கும் கறுப்பு. ஒரு சாணுக்கு மேல் போன பிறகுதான் சிவப்பு தெரிகிறது. விளையாட்டு முறித்தது ஒரு இடத்தை, உப்புக் காற்று தின்றதோ ஒரு சாண் நீளத்தை. இந்தத் தீவுகளில் மின்பொருட்களுக்கு முதல் எதிரி கைகள் அல்ல, கடற்காற்று.

வயரின் நிறத்தை அவர் நம்புவதில்லை. பிரதிப் பெட்டிகளில் சிவப்புக்குள் 5 வோல்ற்தான் வரும் என்ற நியதி கிடையாது. மீற்றரின் ஒரு முனையைப் பிளக்கில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, தாளில் குறித்த பிறகே பற்றவைக்கிறார்.

அடுத்து கரி வேலை. எனக்கு மிகவும் பிடித்துப்போன இடம் இது. மண்ணிற போட்டில் பொத்தானுக்குக் கீழே இரண்டு கறுப்புச் சீப்புகளைப் பல்லோடு பல் கோத்தது போன்ற கோடுகள். பற்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. மேலே சிலிக்கன் றப்பர் தொப்பி. அதன் அடியில் ஒரு கரி வில்லை. அழுத்தும்போது வில்லை இறங்கி இரண்டு சீப்பையும் இணைக்கும். கோடுகள் செம்புதான், ஆனால் செம்புக்கு மேல் கரி பூசியிருக்கிறார்கள். கரி களிம்பு பிடிக்காது. நன்றாக வரட்டும் என்று கத்தியால் சுரண்டுகிறவர்கள் அந்தக் காப்பைத்தான் அழிக்கிறார்கள். அதன் பிறகு செம்பு வெளியே வந்து, இந்தக் காற்றில் பச்சை பூத்துவிடும். அண்ணை ஸ்பிரிற்றில் நனைத்த பஞ்சால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

வில்லையை மீற்றரில் வைத்துக் காட்டினார். தடை சில நூறு ஓம் என்றால் நல்லது, சில ஆயிரம் என்றாலும் ஓடும், பல பத்தாயிரத்துக்கு ஏறினால் பொத்தான் செத்ததுதான். பென்சில் கரி தேய்த்தால் சில நாளுக்கு உயிர் வரும். நிலைத்து நிற்க வேண்டுமானால் செத்த ரீவி றிமோட்டின் வில்லையை வெட்டி எடுத்து ஒட்ட வேண்டும். சாதாரணப் பசை சிலிக்கனில் நிற்காது, மீன்தொட்டி ஒட்டுகிற சிலிக்கன் பசைதான் சரி. அது காய ஒரு நாள் வேண்டும். நேற்று ஒட்டிய ஒன்று யன்னலோரம் இருந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

"இதெல்லாம் ஆர் சொல்லித் தந்தது, அண்ணை?"

"காலம்தான். தொண்ணூறில கறண்ட் நிண்டது, பற்றறிக்குத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோ கேட்டது. புதுச் சாமான் எண்ட பேச்சே இல்லை. செத்ததிலயிருந்து எடுத்துத்தான் மற்றதை எழுப்புறது."

1990 ஓகஸ்ட்டில் இராணுவம் இந்தத் தீவுகளுக்குள் இறங்கியபோது அவரும் யாழ்ப்பாணப் பக்கம் போனவர். அங்கே ஒரு ரேடியோக் கடையில் நின்று பழகியிருக்கிறார். அசல் ஃபமிகொமைச் செய்த நின்டெண்டோவே, உதிரிப்பாகம் இல்லை என்று 2007 ஒக்டோபரோடு திருத்த வேலையை நிறுத்திவிட்டது. இங்கே இந்த மேசையில் அது நிற்கவில்லை. இந்தக் கையறிவு தீவுப் பிள்ளை ஒன்றிடமாவது போய்ச் சேர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். கடையில் உதவிக்கு யாரும் இல்லை.

இரண்டாவது கொன்ட்ரோலரில் வயர் சரி, கரியும் சரி, ஆனாலும் உயிர் இல்லை. அசலில் இருப்பது 4021 என்ற எண்ணுடைய, தனியாக வாங்கி மாற்றக்கூடிய சிப். இதிலோ சிப்பைப் போட்டில் நேரடியாக ஒட்டி, மேலே கறுப்புப் பிசின் சொட்டு விட்டு மூடியிருக்கிறார்கள். திறக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. மலிவாகச் செய்யலாம் என்பதற்காகத் திருத்தும் வழியை அடைத்த வேலை. எனக்கு அதில் கோபம்தான் வந்தது.

முதலாவதை வாசல் ரீவியில் கொழுவினார். வந்தது சூப்பர் மரியோ. ஏ பொத்தானை அழுத்திப் பிடித்தால் மரியோ உயரப் பாய வேண்டும். தொடர்பு விட்டு விட்டு வந்தால் பாய்ச்சல் பாதியில் இறங்கிவிடும். மீற்றர் சொல்லாத பிழையை இந்தப் பாய்ச்சல் சொல்லும் என்கிறார். முழு உயரம் போனது. இடம், வலம், கீழ் எல்லாம் பார்த்துவிட்டுத் தகப்பனிடம் நீட்டினார்.

"வயரை இறுக்கிச் சுத்தாதேங்கோ. விளையாடி முடிஞ்சாத் துடைச்சு, மூடி இறுகின பிஸ்கற் பேணிக்குள்ள வையுங்கோ."

"மற்றது, அண்ணை?"

"அது சரிவராது. ஆனா எறிய வேண்டாம், இஞ்ச விட்டுட்டுப் போங்கோ. றப்பர் நல்லாயிருக்கு. நயினாதீவுப் பிள்ளை ஒண்டின்ர கிடக்கு, அதுக்குப் போடலாம்."