திண்ணையில் ஒரு வில்

கூடலூரில் பிற்பகல் மூன்று மணி. எதிர்வீட்டுத் திண்ணையில் அப்பத்தா கால் நீட்டி உட்கார்ந்து பன்னீர் திராட்சைக் கொத்துகளைத் தூக்கிப் பார்க்கிறார். வெடித்த பழத்தைக் கத்தரி நுனியால் நறுக்கிப் போட்டுவிட்டு, கொத்தைப் பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல் பெட்டியில் வைக்கிறார். பக்கத்தில் பேரன் வயலின் பெட்டியைத் திறக்கிறான்.

“இது என்னய்யா?”

“போ, அப்பத்தா.”

“நான் எங்கய்யா போக?”

விழுந்து விழுந்து சிரிக்கிறான். “ஐயோ, இந்தக் குச்சிக்குப் பேரே போ. தமிழ்ல வில்லு.”

அப்பத்தா அதை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடிக்கிறார். “வில்லுங்குற. வளைவக் காணோமே?”

சரியான கேள்வி. ஐரோப்பாவின் பழைய பிடில் வில்கள் வேட்டை வில்லைப் போல வெளிப்பக்கம் வளைந்திருந்தவை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாரிஸில் பிரான்சுவா தூர்த் போன்றோரின் பட்டறைகளில்தான் வளைவு மயிர்ப்பக்கம் திரும்பி நிலைத்தது. உருவம் மாறியும் பேர் மாறவில்லை. பாலுசாமி தீட்சிதர் நம் சங்கீதத்துக்குப் பிடிலைக் கொண்டுவந்தபோது கூடவே இதுவும் வந்தது.

ஆனால் தமிழில் வில் அதற்கு வெகுகாலம் முன்பே பாடியிருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நாணாகக் கட்டி வில்யாழ் மீட்டுகிறான். கொல்லும் கருவியின் பேரையே பாட்டுக்கும் வைத்த அந்த மனசு எனக்கு மிகவும் பிடிக்கும். அதோ தெரியும் மலைமேல் சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் சனம் ஏறும் மங்கலதேவி கண்ணகி கோயில். சேரன் செங்குட்டுவன் எடுத்தது என்பார்கள் இங்கே. அவன் கொடியிலும் வில்தான்.

பையன் அடித்திருகைத் திருகுகிறான். தொங்கிக்கிடந்த மயிர் மெல்ல விறைத்து நேராகிறது. “குதிர வாலு முடி” என்கிறான். கருப்பட்டி நிறத்தில் ஒரு சின்னக் கட்டியை எடுத்து அதன்மேல் தேய்க்கிறான். பைன் மரப் பிசின். வெள்ளைத் தூள் அவன் கால்சட்டையில் உதிர்கிறது. “திருநீறாட்டம் இருக்கு” என்று அப்பத்தா ஒரு விரலால் தொட்டுப் பார்க்கிறார். அந்தத் தூள் இல்லாவிட்டால் மயிர் தந்தியில் சும்மா வழுக்கிப் போகும். தூள் இருந்தால்தான் தந்தியைப் பற்றும், விடும், நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை. அதுதான் காதுக்கு நாதமாக வருகிறது.

சம்மணம் போட்டு, வயலின் தலையை வலது காலில் ஊன்றி, சரளி வரிசை. மூன்றாவது ஸ்வரத்தில் வில் கிறீச்சிடுகிறது. மறுபடி முதலிலிருந்து.

“உங்க தாத்தா வில்வண்டி வச்சிருந்தாரு” என்கிறார் அப்பத்தா, வாசிப்பின் நடுவே. “அதுலயும் வில்லுதான். பட்டை பட்டையா இரும்பு, அடியில. கம்பம் வரைக்கும் குலுங்காமப் போகும்.”

பையன் நிறுத்தவில்லை. இந்தத் தடவை மூன்றாவது ஸ்வரம் குலுங்காமல் போகிறது.

வாசித்து முடித்ததும் திருகைப் பின்னுக்குத் திருப்புகிறான். மயிர் தளர்ந்து தொங்குகிறது.

“ஏன்யா அவுத்துட்ட?”

“இழுத்தபடியே வச்சா குச்சி கெட்டுப்போகுமாம். சார் சொன்னாரு.”

“ஆமா. தாத்தாவும் வந்ததும் மொதல்ல மாட்டத்தான் அவுத்து விடுவாரு.”

அடுத்த கொத்தைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்புகிறார்.