நெல்லின் பழைய வீடு

விசாகப்பட்டினத்திலிருந்து கிரந்துல் செல்லும் ரயில், ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கப் பாதைகளில் நுழைந்து வெளியேறி அரக்குப் பள்ளத்தாக்கைக் கடக்கிறது. இந்தப் பாதை பயணிகளை மனதில் வைத்துப் போடப்பட்டதல்ல. பைலாடிலா மலையின் இரும்புத் தாதை ஜப்பானுக்குக் கப்பலேற்ற, 1960களில் மலையைக் குடைந்து போட்டார்கள். ஒரிசாவின் தென்கோடியில் கோராபுட் நிலையத்தில் இறங்கி, வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் 20 கி.மீ.க்குச் சற்று அதிகமாகப் போனால் ஜெய்ப்பூர். ராஜஸ்தானின் இளஞ்சிவப்பு நகரத்தோடு இதற்குப் பெயர் மட்டுமே பொது. இந்த ஜெய்ப்பூரின் பெருமை கோட்டைகளில் இல்லை, வயல்களில் இருக்கிறது.

கோராபுட் பீடபூமி கடல் மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர் உயரம். ஜெய்ப்பூர் சமவெளி சுமார் 600 மீட்டர். இந்த இறக்கத்துக்குள் நெல்லுக்கு எத்தனையோ வீடுகள். மலைச்சரிவில் மானாவாரியாகத் தூவி, மூன்று மாதத்தில் அறுத்துவிடும் குறுகிய கால நெல். அதற்குக் கீழே மேட்டு வயல். ஓடைப் படுகையையே வரப்பு கட்டிப் படிப்படியாக வயலாக்கிய பள்ளத்துக்குப் பெயர் 'ஜோலா'. அங்கே கோடையிலும் ஈரம் காயாது. ஜோலாவுக்கு நீண்ட கால நெல். பரஜா, கதபா, பூமியா என்று பல பழங்குடிகள் பல தலைமுறைகளாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு நெல்லைப் பொறுக்கி வைத்தார்கள். 'மச்சகண்டா' என்றால் மீன் முள். 'காலாஜீரா' பெயருக்கேற்பக் கருஞ்சீரகம் போன்ற கறுத்த, சிறுத்த மணி. வாசனை பக்கத்து வீட்டுக்கும் தெரியும். 1955க்கும் 1960க்கும் இடையில் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தார் இந்த வட்டாரத்தைச் சல்லடை போட்டுச் சலித்து 1,745 நெல் மாதிரிகளைத் திரட்டினார்கள்.

ஆராய்ச்சியாளர்களை இங்கே இழுத்தது வயலில் இருந்த நெல் மட்டுமல்ல, வயலோரத்தில் இருந்த நெல்லும்தான். ஒரியாவில் அதற்குப் பெயர் 'பாலுங்கா'. குட்டையோரங்களிலும் வரப்படியிலும் தானாக முளைக்கும் காட்டு நெல், களை நெல். கதிர் முதிர்ந்ததும் மணிகளை உதிர்த்துவிடும். உதிர்வது விவசாயிக்கு நஷ்டம், செடிக்கு லாபம். அதன் வம்சம் மண்ணில் பத்திரமாக விழுந்துவிட்டது. பக்கத்து சத்தீஸ்கரில் இதே காட்டு நெல்லுக்குத் தனி மரியாதை உண்டு. உழாத நிலத்தில் விளைந்ததை மட்டுமே உண்ண வேண்டிய விரத நாளில் பெண்கள் இதைத்தான் சமைக்கிறார்கள். அன்றைக்கு மட்டும் இதன் விலை நல்ல அரிசியை மிஞ்சும்.

காட்டுப் புல்லுக்கும் சோற்று நெல்லுக்கும் இடையே என்ன வித்தியாசம்? 2006ல் கிடைத்த விடை வியப்பானது. மணி உதிராமல் கதிரிலேயே நிற்பதற்கு முக்கியக் காரணம், 'எஸ்.எச்.4' என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதுதான். காம்பையும் மணியையும் பிரிக்கும் அடுக்கு அதனால் சரியாக உருவாவதில்லை. செடிக்கு இது ஊனம். காட்டில் இருந்தால் அதன் வம்சம் அப்போதே முடிந்திருக்கும். ஆனால் அறுக்கும் கைக்குச் சிக்கியது உதிராத கதிர்; அடுத்த பருவத்துக்கு விதையானதும் அதுவே. யாரும் திட்டமிடாமலே ஊனம் தகுதியாயிற்று. சிவப்பு அரிசி வெள்ளையானதும் இப்படித்தான். 'ஆர்.சி.' மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டுப் போயின. பாஸ்மதியின் மணத்துக்குக் காரணம் வேறொரு மரபணுவில் 8 எழுத்துகள் தொலைந்தது. 1960களில் வயல்களைக் குட்டையாக்கிய ஐ.ஆர்.8ன் ரகசியமும் 383 எழுத்துகள் அறுந்துபோன மரபணுதான். நெல்லின் முன்னேற்றம் என்று நாம் கொண்டாடுவதில் பாதி, நெல் இழந்ததன் பட்டியல்.

நெல்லில் இந்திகா, ஜப்பானிகா என்று இரு பெரும் கிளைகள். இவற்றின் காட்டு முன்னோர்கள் மனிதன் உழத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே பிரிந்தவர்கள். சீனாவின் யாங்சே ஆற்றங்கரையில் ஜப்பானிகா வயலுக்கு வந்தது. கங்கைச் சமவெளியிலும் மக்கள் நெல் தின்றார்கள். உத்தரப் பிரதேசத்தின் லஹுராதேவாவில் எட்டாயிரம் ஆண்டுக்கும் பழைய நெல் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் உதிராமைக்கான அந்த ஓரெழுத்து மாற்றம் இரண்டு கிளையிலும் ஒன்றேதான்! வெவ்வேறு இடத்தில் தற்செயலாக அதே எழுத்து மாறியிருக்கும் என்று நம்புவது கடினம். யாரோ விதையைச் சுமந்து வந்திருக்கிறார்கள், இரண்டும் கலந்திருக்கின்றன. நெல் எத்தனை முறை வீட்டு நெல்லானது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரிசா-வங்காளப் பகுதியின் 'ஔஸ்' வகை தனி வரலாறு உடையது என்று வாதிடுவோரும் உண்டு. இந்தக் கிழக்கிந்திய மூலை அந்த வாதத்தின் முக்கிய சாட்சி.

கலப்பு இன்றும் நிற்கவில்லை. பாலுங்காவின் மகரந்தம் காற்றில் வந்து வயல் நெல்லில் அமர்கிறது. நாற்றுப் பருவத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, எதைப் பிடுங்குவது? பழைய மத்திய மாகாணத்தில் சாமர்த்தியமாக ஒரு வழி கண்டார்கள். ஊதா இலை கொண்ட நெல்லை விதை, பச்சையாகத் தெரிவதையெல்லாம் பிடுங்கு. சில பருவங்கள் நன்றாகவே நடந்தது. பிறகு, கலப்பில் பிறந்த களை நெல்லும் ஊதாவாகிவிட்டது. பிடுங்கும் கையே களையைத் திருத்திவிட்டது.

இனி கட்டாக். மகாநதிக் கழிமுகத்தின் தலையில் இருக்கும் இந்த நகரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1946ல் தொடங்கியது. 1943 வங்கப் பஞ்சத்துக்கு முந்தைய ஆண்டு நெற்பயிரைப் பழுப்புப் புள்ளி நோய் தின்றிருந்தது. அந்த அதிர்ச்சியின் குழந்தை இந்த நிலையம். முதல் இயக்குநர், கோயமுத்தூரில் நெல் ஆராய்ச்சியில் பெயரெடுத்த கே. ராமையா. ஜெய்ப்பூர் வட்டாரம் நெல்லின் இரண்டாவது பிறப்பிடமாக இருக்கலாம் என்று முதலில் சுட்டியவர்களில் அவரும் ஒருவர்.

1950களில் இங்கே உலக உணவு, விவசாய நிறுவனத்தின் ஆதரவில் இந்திகாவையும் ஜப்பானிகாவையும் வேண்டுமென்றே மணம் முடித்தார்கள். முன்னோர்கள் அறியாமல் செய்ததை அறிந்து செய்யும் முயற்சி. பெரும்பாலான பிள்ளைகள் மலடாகப் போயின. தப்பியவற்றில் ஒன்று தஞ்சைக் குறுவை வயலுக்கு வந்த ஏ.டி.டி. 27. இன்னொன்று மலேசியாவில் தேர்வாகி 1965ல் வெளியான மசூரி. இந்தியாவுக்குத் திரும்பி வந்த மசூரியின் வாரிசாக ஆந்திராவின் மாருடேரு நிலையத்தில் பிறந்தது ஸ்வர்ணா. 1982ல் வெளியிடப்பட்ட அது ஆந்திரா, ஒரிசா, வங்காளம் என்று கிழக்கு முழுவதையும் பிடித்துக்கொண்டது.

ஸ்வர்ணாவுக்கு ஒரு பலவீனம், வெள்ளம். நீரில் மூழ்கிய சாதாரண நெல் மூச்சுவிடத் தலையை மேலே நீட்டப் பார்க்கும். சேமித்த சர்க்கரையெல்லாம் அதிலேயே செலவாகி, வெள்ளம் வடியும்போது சுருண்டு விழும். மகாநதிக் கரை விவசாயிகள் இதை அடிக்கடி பார்க்கிறவர்கள். அதே ஒரிசாவின் தாழ்நிலங்களில் 'துலாபுட்டியா' என்ற பழைய நெல், மூழ்கினால் பதறாமல் இருந்தது. 1940களில் அதிலிருந்து பொறுக்கியெடுத்த ரகத்துக்கு எஃப்.ஆர்.13ஏ என்று பெயரிட்டார்கள். விளைச்சல் சுமார், சோறும் சுமார். ஆனால் இரண்டு வாரம் நீருக்கடியில் கிடந்தாலும் வெள்ளம் வடிந்ததும் துளிர்க்கும்.

இந்தக் குணத்தை நல்ல ரகங்களுக்குள் கொண்டுவரப் பல ஆண்டுகள் ஒட்டிப் பார்த்தார்கள். வெள்ளம் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் கூடவே வந்து நின்றன. 2006ல்தான் குறிப்பிட்ட மரபணு பிடிபட்டது: 'சப்1ஏ'. பல ரகங்களில் இது அறவே இல்லை. சிலவற்றில் வீரியமற்ற வடிவில் இருக்கிறது. இது செடியைச் சும்மா இருக்கச் சொல்கிறது. வளராதே, செலவழிக்காதே, காத்திரு! மரபணு அடையாளங்களை வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப ஸ்வர்ணாவோடு கலந்து, அந்தத் துண்டை மட்டும் உள்ளே வைத்தார்கள். 2009ல் இந்தியாவில் ஸ்வர்ணா சப்1 வெளியானது. ஒரிசாவில் 128 கிராமங்களில் நடந்த சோதனையில், பத்து நாள் மூழ்கிய வயலில் பழைய ஸ்வர்ணாவைவிட இது 45 சதவீதம் அதிகம் விளைந்தது. ஆய்வாளர்கள் இன்னொன்றும் கவனித்தார்கள். எளிதில் மூழ்கும் பள்ள வயல்கள் தாழ்த்தப்பட்ட சாதியினரிடம்தான் அதிகம் இருந்தன. நல்ல மேட்டு நிலம் யாருக்குப் போயிற்று என்பதை விளக்க மரபணு ஆய்வு தேவையில்லை. இந்த விதையின் பலன் முதலில் போய்ச் சேர்ந்தது பள்ளத்தில் இருந்தவர்களுக்கு.

எஃப்.ஆர்.13ஏ என்ற எழுத்தும் எண்ணுமான பெயரில் ஊருக்கும் இடமில்லை, அந்த நெல்லைத் தலைமுறைகளாக வைத்திருந்தவர்களுக்கும் இடமில்லை.

கோராபுட்டில் மீண்டும் ஏறினால், ஸ்வர்ணாவும் அதன் உறவினர்களும் அங்கேயும் வந்துவிட்டதைக் காணலாம். சரிவுகளில் தைல மரத் தோப்புகள். அரசுக் கடையில் மலிவு அரிசி கிடைக்கும்போது மலைச்சரிவில் மூன்று மாதம் காவல் காக்க இளைஞர்கள் தயாரில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கட்டாக்கின் குளிர் அறையில் மாதிரிகள் பத்திரம். ஆனால் குளிர் அறையில் உள்ள விதை எந்த வெள்ளத்தையும் பார்ப்பதில்லை, எந்தப் பாலுங்காவோடும் கலப்பதில்லை.

வயலிலேயே காப்பாற்றியவர்களும் இருக்கிறார்கள். பத்ராபுட் கிராமத்துப் பரஜாப் பெண் கமலா பூஜாரி, ஜெய்ப்பூரில் இயங்கும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையுடன் நூற்றுக்கும் மேற்பட்ட நெல் வகைகளைத் திரட்டிப் பாதுகாத்தார். 2019ல் பத்மஸ்ரீ பெற்றார். 2024 ஜூலையில் காலமானார். அதே 2024ல் கோராபுட் காலாஜீராவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைப் பிறர் திருட முடியாது என்ற அளவில் அது நல்லதே. மச்சகண்டாவுக்கோ, பெயர் தெரியாத மலைச்சரிவு நெல்லுக்கோ அந்தப் பாதுகாப்பு வர வாசனை போதாது.

சில கிராமங்களில் விதை வங்கிகள் இருக்கின்றன. மண் சுவர், குலுக்கைகள், சீட்டு கட்டிய மூட்டைகள். விதைப்புக்கு முன் வாங்கிச் செல்பவர் அறுவடைக்குப் பிறகு நெல்லாகவே திருப்பித் தர வேண்டும், வாங்கியதைவிடக் கூடுதலாக.