மழையில் ஒரு மலைப்பயணம்

எங்கள் நைனார்பாளையம் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் சமவெளி ஊர். மலை என்றால் எங்களுக்குக் கல்வராயன் மலைதான். தோழியர் ஊட்டி, கொடைக்கானல் என்று பெருமை பேசுவார்கள். 2000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் நம் மலையை ஏனோ மறந்து விடுகிறார்கள்!

சென்ற ஐப்பசி விடுமுறையில் சித்தப்பா ஜீப்பில் வெள்ளிமலைக்குப் புறப்பட்டார். அத்தை, தங்கை, நான் மூவரும் தொற்றிக்கொண்டோம். கச்சிராயபாளையத்தைத் தாண்டியதும் கோமுகி அணை. 1965-இல் கட்டி முடிக்கப்பட்டது. அணை நீர் மையைக் கரைத்தாற்போல் கறுத்துக் கிடந்தது. வடகிழக்குப் பருவக்காற்று சுமந்து வரும் மேகம் மலையில் முட்டி மேலேறிக் குளிர்ந்து மழையாகும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அன்று அதைக் கண்ணால் கண்டோம்.

மலைப்பாதை ஏறியதும் பிடித்துக்கொண்டது மழை! ஜீப்பின் படுதா படபடத்தது. வைப்பர் துடைக்கத் துடைக்கக் கண்ணாடி மறைந்தது. ஒரு பக்கம் பாறைச் சுவரிலிருந்து செந்நீர் அருவியாய்க் கொட்டியது. மறுபக்கம் பள்ளத்தாக்கைப் பஞ்சுப் பொதியாய் மூடியது வெண்மூட்டம். மின்னல் வெட்டும்போதெல்லாம் மூங்கில்கள் தலைவிரித்து ஆடுவது தெரிந்தது. அச்சமா ஆனந்தமா என்று சொல்லத் தெரியவில்லை. தங்கை மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அச்சம் மறக்கச் சித்தப்பா கதை சொன்னார். 1976 வரை இம்மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்ததாம். அக்காலத்தில் மலைமக்கள் கடுக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து ஒற்றையடிப் பாதையில் இறங்குவார்களாம். மலையாளிகள் என்பது இவர்கள் பெயர். பேசுவதோ நம் தமிழ்தான்.

ஒரு வளைவில், மரத்தடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். யூரியாச் சாக்கைத் தலையில் கவிழ்த்து, குழந்தையை மார்போடு அணைத்திருந்தாள்.

"மூணு நாளாக் காய்ச்சலுங்க. பஸ்ஸு வரலை."

அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "அனலாய்க் கொதிக்கிறதே! வெள்ளிமலை எங்கும் ஓடிப்போகாது. வண்டியைத் திருப்புடா."

திருப்புவது எளிதா? சித்தப்பா கொட்டும் மழையில் இறங்கிப் பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் இடையே காலால் அளந்து பார்த்தார். ஒரு முழம்தான். எங்களை இறக்கிவிட்டு, முன்னும் பின்னுமாக ஐந்தாறு முறை அசைத்துத் திருப்பினார். அத்தையின் உதடுகள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தன.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையை அடைந்தபோது குழந்தை கண் திறந்து, என் தங்கையின் சிவப்பு ரிப்பனைப் பிடித்து இழுத்தது. தாய் சிரித்தாள். "உங்க ஊர்ல மழை உண்டுங்களா?" என்று கேட்டாள்.

இரவு வீடு திரும்பினோம். நைனார்பாளையத்தில் ஒரு துளிகூட விழவில்லை.