எங்கள் வீட்டில் ஒரு டாங்கி

"வீட்டில் டாங்கி செய்துகொண்டிருக்கிறோம்" என்று நான் சொன்னதும், பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய், "ஏன் மதினி, மாடித் தண்ணி டேங்க் ஒழுகுதா?" என்று கேட்டார். மதுரையில் குடியிருந்து தண்ணீருக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு டேங்க் என்றால் தண்ணீர்த் தொட்டிதான். நான் சொல்வது, சங்கிலிப் பட்டையில் ஓடுகிற ராணுவ பீரங்கி வண்டி. அதன் சின்ன உருவத்தைப் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் சேர்த்து, வர்ணம் தீட்டிச் செய்வது ஒரு கைவேலை. உலகம் முழுவதும் சிறுவர் முதல் பெரியவர் வரை இதைச் செய்கிறார்கள்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு இதில் ஆசை வந்தது. எனக்கு ஆட்சேபணை இல்லை. கொலுவுக்குப் பழைய பொம்மைகளைத் துடைத்து, நிறம் உதிர்ந்த இடத்தில் வர்ணம் வைக்கிற கை நமக்கு இருக்கிறது. அந்தக் கைக்கு இது ஒன்றும் தூரத்து வேலை இல்லை. ஆனால் "வேண்டாம்" என்று சொன்னவர், நான் எதிர்பார்க்காத ஒருவர். என் மாமனார்.

மாமா டாங்கிப் படையில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வயதில் சேர்ந்து, அகமத்நகரில் பயிற்சி பெற்று, 1971 டிசம்பர் யுத்தத்தில் இருந்தவர். பென்ஷன் வாங்கப் போகும்போது தவிர, ராணுவத்தைப் பற்றி அவர் வீட்டில் பேசி நான் கேட்டதில்லை. பேரன் ஆசையாகப் படத்தைக் காட்டினான். அவர் பார்த்துவிட்டு, "அது வெளையாட்டுச் சாமான் இல்லடா" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். பையன் முகம் சுருங்கிப் போயிற்று. இரண்டு நாள் தாத்தாவோடு பேசவில்லை.

எனக்கும் யோசனையாகத்தான் இருந்தது. கொல்லுகிற வண்டியை அழகு பார்த்து வீட்டில் வைக்கலாமா என்று உங்களில் பலருக்கும் தோன்றும். மூன்றாம் நாள், மாமாவுக்குக் காப்பி கொடுக்கும்போது நேராகவே கேட்டேன். "ஏன் மாமா வேண்டாம்கிறீங்க?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவன் காட்டின படத்திலே உள்ளே ஆளே இல்லம்மா. ஆள் இல்லாத டாங்கி கிடையாது."

அந்த ஒரு வாக்கியந்தான் எங்களுக்கு வழி காட்டியது. "அப்படின்னா ஆளையும் செய்யட்டுமே. யார் எங்கே உட்காருவாங்கன்னு நீங்கதான் சொல்லணும்" என்றேன். மறுநாள் அவரே பேரனைக் கூப்பிட்டார்.

மாமா ஓட்டிய வண்டிக்கு சென்சூரியன் என்று பெயர். 1945-ல் பிரிட்டனில் பிறந்த வண்டி. 1950-களில் இந்தியா வாங்கியது. எடை சுமார் 50 டன். உள்ளே நான்கு பேர். முன்னால் வலது பக்கம் டிரைவர். மேலே சுழலுகிற கூண்டில் தலைவர், குறி பார்ப்பவர், குண்டு நிரப்புபவர் என்று மூவர். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் கிராமத்தில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளைத் தடுத்து நிறுத்தியதில் இந்த வண்டிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் அலங்காநல்லூர்ப் பக்கம் நிற்பதுபோல அங்கே கரும்பு உயர்ந்து நின்றதாம். அதற்குள் நம் வண்டிகள் மறைந்திருந்தன. வயல்களில் தண்ணீரைத் திறந்து விட்டதால் பாட்டன்கள் சேற்றில் மாட்டிக்கொண்டன. அதே யுத்தத்தில் சியால்கோட் பக்கம் சென்சூரியனில் போரிட்ட 16-வது லைட் கவல்ரி, நம் தென்னாட்டு ஜவான்கள் நிறைந்த பழைய படைப்பிரிவு. ஆவடித் தொழிற்சாலையில் 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பிறகு அங்கிருந்தே அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் எல்லாம் வந்தன. டாங்கி என்பது நமக்கு எங்கோ தொலைவில் இருக்கிற சமாச்சாரம் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். பெட்டியின் மேல் 1/35, 1/72 என்று போட்டிருக்கும். 1/35 என்றால் நிஜ வண்டியில் 35 அடி, பொம்மையில் ஒரு அடி. பீரங்கிக் குழலோடு சேர்த்துப் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான சென்சூரியன், இந்த அளவில் 28 செ.மீ. வரும், மனிதன் 5 செ.மீ. இருப்பான். ஏன் இந்த 35 என்று கேட்டால் வேடிக்கையான காரணம். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து டமியா கம்பெனி ஒரு டாங்கிப் பொம்மை போட்டது. அதற்குள் மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். அது 35-ல் ஒரு பங்காக அமைந்தது. மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

முதல் தடவை செய்பவர்கள் 1/72 அளவில், துண்டுகள் குறைவாக உள்ள பெட்டியாக வாங்குங்கள். விலையும் குறைவு. நாங்கள் முதலில் வாங்கியது தபால் செலவோடு 1,200 ரூபாய். தீபாவளிச் சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்தேன். அதில் கை பழகிய பிறகுதான் 1/35 சென்சூரியன்.

சாமான்கள் அதிகம் தேவையில்லை. வயர் வெட்டுகிற சின்னக் கட்டர், மூடி போட்ட பேப்பர் கத்தி, 400-ம் 600-ம் நம்பர் உப்புக் காகிதம், பிளாஸ்டிக்குக்கு என்றே உள்ள பசை, இரண்டு மூன்று பிரஷ், தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வர்ணம். துண்டுகள் எல்லாம் ஒரு சட்டத்தில் கோத்து வரும். முதலில் சட்டத்தோடு சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசிய எண்ணெய்ப் பசை போனால்தான் வர்ணம் பிடிக்கும். துண்டை முறுக்கி ஒடிக்கக் கூடாது. முதலில் கொஞ்சம் தள்ளி வெட்டி, பிறகு ஒட்ட வெட்டி, உப்புக் காகிதத்தைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். நனைத்துத் தேய்த்தால் தூசி மூக்கில் ஏறாது.

இந்தப் பசை பெவிகால் மாதிரி இல்லை. பிளாஸ்டிக்கையே கொஞ்சம் இளக்கி, இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆகையால் பட்டும் படாமலும் தொட்டால் போதும். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால், இடுக்கில் தானே ஓடிப் பரவும்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்தப் பசையின் ஆவி தலைவலி கொடுக்கும், தீயும் பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்ய வேண்டும். அடுப்பங்கரையிலும், விளக்கு எரியும் பூஜை அலமாரிப் பக்கத்திலும் கூடவே கூடாது. கர்ப்பிணிகள் பசை வேலையைப் பிறரிடம் விடுவது நல்லது. தவழுகிற குழந்தை இருக்கும் வீட்டில், பழைய தாம்பாளத்தை வைத்து அதற்குள்ளேயே வேலை செய்யுங்கள். சிதறும் துண்டு தாம்பாளத்தோடு நின்றுவிடும். குழந்தை வாய்க்குப் போகாது. கண்ணுக்கு அரைமணிக்கு ஒரு தரம் ஓய்வு கொடுத்துத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் பிள்ளைகளுக்குச் சட்டென்று வந்துவிடும். அமெரிக்காவில் 1920-களை ஒட்டி, கடிகார முகப்பில் ரேடியம் வர்ணம் பூசிய பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். பலருக்குத் தாடை எலும்பு அரித்து, உயிரே போயிற்று. நம் வர்ணத்தில் ரேடியம் இல்லைதான். ஆனாலும் எந்த வர்ணமும் வாய்க்குப் போகிற பண்டம் இல்லை.

வர்ணம் தீட்டும் முறைக்கு நான் விளாச்சேரிக்குக் கடன்பட்டவள். மதுரைக்குப் பக்கத்தில், திருப்பரங்குன்றத்தை ஒட்டி உள்ள அந்த ஊரில் கொலு பொம்மையும், பிள்ளையாரும், கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்கிறார்கள். கொலுவுக்கு வாங்கப் போனபோது, அங்கே திண்ணையில் உட்கார்ந்து வர்ணம் பூசிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். "மொதல்ல வெள்ளை அடிக்கணும் தாயி. பூச்சு மெல்லிசா இருக்கணும். ஒண்ணு காஞ்சப்புறம்தான் இன்னொண்ணு. கண்ணு கடைசி" என்றார். டாங்கிக்கும் இதே பாடம்தான். வெள்ளைக்குப் பதில் சாம்பல் நிற அடிப்பூச்சு. அதன்மேல் தண்ணீர் கலந்த ராணுவப் பச்சை, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை. ஒரே தடவையில் அப்பினால் ஆணித்தலைகளும் கீற்றுகளும் மூடிப் போகும்.

நன்றாகக் காய்ந்த பிறகு, அடர்ந்த காப்பிக் கலர் வர்ணத்தை ரசம் போல நீர்க்கக் கரைத்து இடுக்குகளில் விட வேண்டும். அது பள்ளத்தில் தங்கி நிழல் காட்டும். அடுத்து, வெளிர்பச்சையைப் பிரஷில் தொட்டுத் துணியில் துடைத்து, இருக்கா இல்லையா என்கிற அளவில் மேடுகளில் தடவ வேண்டும். உடனே பிளாஸ்டிக் இரும்பாகிவிடும். எழுத்தும் நம்பரும் ஒட்டுத்தாளாக வரும். வெதுவெதுப்பான நீரில் அரை நிமிஷம் நனைத்து, தாளிலிருந்து நகர்த்தி ஒட்டலாம். அதற்கு முன் அந்த இடத்தில் பளபளப்பு வார்னிஷ் பூசினால் ஓரம் தெரியாது.

சக்கரத்தில் பூச என் மகன் மேலூர்ப் பக்கத்துச் செம்மண் கொண்டு வந்தான். மாமா பார்த்துவிட்டு, "அந்த ஊர் மண் இப்படிச் சிவப்பா இருக்காதுடா. வெளுத்த மண்ணு" என்றார். பிறகு வைகை வண்டலை உலர்த்தி, மெல்லிய துணியில் சலித்து, தண்ணீர் கலந்த பெவிகாலில் குழைத்துப் பூசினோம்.

கடைசியாக ஆட்கள். எங்கள் பெட்டியில் வந்தவர் இருவர்தான். மற்ற இருவரையும், குழாய் ஒழுக்கு அடைக்க வாங்குவோமே எம்-சீல், அதைக் கையுறை போட்டுப் பிசைந்து, தலையும் தோளுமாகச் செய்தோம். இந்த அளவுக்குக் கண்ணில் வெள்ளை வைத்தால் திருஷ்டிப் பொம்மை மாதிரி முழிக்கும். ஆகையால் புருவத்தடியில் மெல்லிய கறுப்புக் கீற்று மட்டும் போதும்.

அந்த வேலை நடந்த நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் மாமா பேசினார். உள்ளே வெயில் நேரத்தில் இரும்பு எப்படிக் கொதிக்கும். எண்ணெய்ப் புகையில் சப்பாத்தி சாப்பிட்டது. பாஷை தெரியாத நான்கு பேர் இந்தியில் சண்டை போட்டுச் சமாதானமானது. குண்டு நிரப்புகிற ஆளுக்கு மீசை வைக்கச் சொன்னார். "ஆந்திராக்காரன். எங்க வண்டியிலே போனது நாலு பேர். திரும்புனது மூணு பேர்" என்று மட்டும் சொன்னார். பேரன் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. பிரஷைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அந்த மீசையை மறுபடி ஒரு தடவை நேர்த்தியாக வைத்தான். முன்பெல்லாம் "எத்தனை டாங்கியை அடிச்சீங்க தாத்தா?" என்று கேட்கிற பிள்ளை அவன்.

பிள்ளைகளுக்கு யுத்தத்தைக் காட்டாமலே வளர்க்க முடியாது. போனைத் திறந்தாலே அதுதான். அதை வெறும் சத்தமும் வேடிக்கையுமாகப் பார்ப்பதற்குப் பதில், உள்ளே நான்கு பேர் வியர்வையோடு உட்கார்ந்திருந்தார்கள் என்று கை வேலையாக அறிந்துகொள்வது நல்லது என்றே இப்போது நினைக்கிறேன்.

உங்கள் பிள்ளை டாங்கியோ, விமானமோ, கப்பலோ எதைக் கேட்டாலும், சின்னப் பெட்டியாக ஒன்று வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். அவசரப்படுத்தாதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு துண்டு ஒட்டினாலும் போதும். அந்த வண்டியில் வேலை பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருக்கக்கூடும். நம் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போகாத குடும்பம் எத்தனை இருக்கும்? அவர்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு, பக்கத்தில் உட்கார வையுங்கள்.