அம்மன் பல்லக்கும் ஒரு 555 புத்தகமும்

 

போன வருஷம் திருவிழா அன்னிக்கு ராத்திரி, கடைசித் திருப்பத்துல அம்மன் பல்லக்கு ஒரு பக்கமா சாய்ஞ்சதை உங்கள்ல நிறைய பேர் பார்த்திருப்பீங்க. மாலை சரிஞ்சது. பின்னால வந்த அக்காமார் "அம்மா!"னு கத்திட்டாங்க. பக்கத்துல வந்த ரெண்டு பேர் பாய்ஞ்சு தாங்கினதால விபரீதம் எதுவும் நடக்கல. குருக்கள் மாலையைச் சரி பண்ணிட்டு, நடங்கன்னு கையைக் காட்டினார், அவ்வளவுதான். திட்டியிருந்தாலாவது எங்களுக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

முன்பக்கம் இடது தோள் கொடுத்த தம்பிக்கு முட்டி மடங்கிடுச்சு. ஆனா அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? எட்டுப் பேருமே வருஷம் பூரா உடம்பை அசைக்காத ஆளுங்க. விரதம் இருப்போம், அன்னிக்குத் தோள் கொடுப்போம், மிச்சத்தை அம்மா பார்த்துக்குவாங்கன்னு விட்டுடுவோம்.

அதனால ஆரம்பிச்சோம். செவ்வாயும் வெள்ளியும் பூசை வேலை இருக்கும். திங்கள், வியாழன் ராத்திரி மண்டபத்துக்குப் பின்னால தண்டால், பஸ்கி, விளையாட்டுத் திடல் கம்பியில தொங்குறது. ஜிம்முக்குக் காசு கொடுக்கல. வாங்கினது ஆளுக்கு ஒரு 555 புத்தகம். கடையில பாக்கி எழுதுவாங்களே, அதேதான். "உடம்புக்கு நாம வச்ச கடன்"னு ஒருத்தர் சிரிச்சார்.

முதல் நாள் கணக்கு வெளியில சொல்ற மாதிரி இல்ல. ஒருத்தர் 7 தண்டாலோட படுத்துட்டார். ஆனா மூணே வாரத்துல எல்லாருக்கும் எண்ணிக்கை ஏறிடுச்சு. தசை வளர்ந்துடுச்சுன்னு குஷியா இருந்தோம். உண்மையில முதல் சில வாரம் கத்துக்கிறது நரம்புதான். இருக்கிற தசையை ஒழுங்கா வேலை வாங்கப் பழகுது. தசை பெருக்கிறதுக்கு இன்னும் நாள் ஆகும்.

கண்ணை மூடி ஒத்தைக் கால்ல நிக்கிறதையும் எழுதினோம். வாரா வாரம் ஃபுட்சால் ஆடுற எங்க ஆள் 4 விநாடியில சாய்ஞ்சுட்டார்! கண்ணு, உள்காது, பாதமும் மூட்டும் தர்ற உணர்வு, இந்த மூணும் சேர்ந்துதான் நம்மை நிறுத்துது. கண்ணை எடுத்துட்டா மத்த ரெண்டும் எவ்வளவு சோம்பேறின்னு தெரிஞ்சிடும். ராத்திரி ஊர்வலத்துல பல்லக்குக்கு அடியில ரோடு எங்க தெரியுது?

ஞாயிறு காலையில பத்துமலை. 272 படியை எவ்வளவு நேரத்துல ஏறுறோம்னுதான் முதல்ல குறிச்சோம். அது தப்புக் கணக்கு. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். தொடையை வாட்டுறது இறங்குறதுதான். மறுநாள், அதுக்கு மறுநாள், அர்ச்சனைச் சீட்டுக் கவுண்டர்ல உட்கார்ந்தவரால எழுந்திருக்க முடியல. இப்போ மெதுவா இறங்குறோம். திருவிழாவுக்கு முந்தின வாரம் படி கிடையாது.

அடுத்ததுதான் வாளி. அம்மன் பல்லக்கை இதுக்கெல்லாம் தொட மாட்டோம். ரெண்டு மூங்கில்ல பலகையைக் கட்டி, அரிசி மூட்டை வச்சு, மேல 20 லிட்டர் தண்ணி வாளி. கோயிலை ஒரு சுத்து வந்து மிச்சத்தை அளப்போம். முதல் தடவை மிஞ்சினது 13 லிட்டர். ஒரு மாசம் கழிச்சு, எல்லார் புத்தகத்துலயும் தண்டால் உச்சத்துல இருந்த வாரம், 11 ஆயிடுச்சு! பலம் வந்தவங்க தோளைத் தூக்கித் தூக்கி நடந்தா, பக்கத்துல இருக்கிறவர்மேலதான் பாரம் இறங்குது. உயரத்துக்குத் தக்கபடி ஆள் மாத்தி, ஒருத்தர் எண்ணச் சொல்லி, எல்லாரும் இடது காலை ஒண்ணா வச்ச பிறகு 17 வந்தது.

போன வியாழன் அந்தத் தம்பி தன் புத்தகத்தைக் கொண்டு வந்து வச்சார். 60 பஸ்கின்னு எழுதியிருந்தது. "அண்ணே, அது பொய். முப்பதுக்கு மேல முட்டி வலிக்குது. சொன்னா என்னைத் தூக்க விடமாட்டீங்கன்னு பயந்துட்டேன்"னார். யாருக்கும் பேச வரல. எங்கள்ல இன்னும் ரெண்டு பேர் புத்தகத்தை மெதுவா மூடி வச்சாங்க. அவங்களும் கூட்டித்தான் எழுதியிருந்தாங்க.

மூணு பேரும் பழைய பக்கத்தைக் கிழிச்சுட்டுப் புதுசா எழுதினாங்க. தம்பி கணக்கு 28. டாக்டரைப் பார்த்துட்டார்; இப்போதைக்குப் பாரம் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. இந்த வருஷம் அவர் முன்னால நடந்து அடி எண்ணுவார். நேத்து அவர் எண்ணி நடந்தோம். பதினெட்டரை லிட்டர்.

அவர் தோள் இருந்த இடம் காலியா இருக்கு. மாற்றுக்கும் ரெண்டு பேர் வேணும். திங்கள் ராத்திரி 8.30, பூசை முடிஞ்சதும் மண்டபத்துக்குப் பின்னால வாங்க. முட்டி, இடுப்பு வலி இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. 555 புத்தகம் நாங்க தர்றோம், பேனா மட்டும் கொண்டு வாங்க.